தாழைத்திடலுக்குக் கிடைத்த பட்டம்

நவம்பர் 22, வியாழன்

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சாப்பிடும் நான், ஆங்கிலம் பேசும் மனிதர் எவரிடமும் இன்றுவரை ஒரு வாக்கியம்கூட ஆங்கிலத்தில் பேசியதில்லை.

பத்தாம் வகுப்பில் கோட்டை விட்ட பிள்ளைகளைக் கரையேற்றுகிற ‘வெற்றி டுடோரியல்’ அம்சவேணி டீச்சர் நான்தான். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆக்குவேன். ஆனால் ஒருமுறை வேதாரண்யம் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரர் கழுத்தில் பைனாகுலரோடு வந்து கோடியக்கரைக்கு வழி கேட்டபோது, என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. கையைக் காட்டினேன். அதுவும் எதிர்த்திசையில். பாவம், அவர் இன்னும் பறவையைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. புயல் அடித்து இன்றோடு ஆறு நாள். கரண்ட் இல்லை. தென்னந்தோப்பெல்லாம் சீப்பால் வாரிவிட்டதுபோல ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது. இன்று காலை ‘துணைக்கரம்’ என்ற உதவி நிறுவனத்திலிருந்து உதயன் என்று ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும், தாடி, முதுகில் மூட்டை. வரும் வியாழக்கிழமை அவருடைய மேலதிகாரி புனேயிலிருந்து ஊரைப் பார்க்க வருகிறாராம். அந்த மேடத்துக்குத் தமிழ் தெரியாதாம். அன்றைக்குப் பார்த்து உதயனுக்கு வேறு ஊரில் வேலையாம். இங்கே ஆங்கிலம் தெரிந்தவர் யார் என்று டீக்கடையில் கேட்டிருக்கிறார். மொத்தக் கடையும் என் வீட்டைக் காட்டியிருக்கிறது. “டீச்சரு கனாவே இங்கிலீஷுலதான் காணும்” என்று யாரோ சொன்னார்களாம்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். “ஓ, தாராளமா” என்றேன்.

இந்த டயரி உரக்கடையில் கொடுத்தது. அரிசி டிரம்முக்குள் இருந்ததால் நனையாமல் தப்பியது. இதில் மட்டும்தான் கணவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடலாம் என்பது எனக்குள்ள தனிச் சந்தோஷம். சிவக்கொழுந்து. சிவக்கொழுந்து. சிவக்கொழுந்து.

நவம்பர் 23, வெள்ளி

உதயன் கொடுத்துவிட்டுப் போன படிவம் ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். முதல் பத்துப் பக்கத்தையும் யாரும் படிக்க மாட்டார்களாம். கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் டிக் விழுகிறதோ அதுதான் ஊரின் தலையெழுத்து. கடைசிக் கட்டம் ‘லேசாகப் பாதிக்கப்பட்ட’. நடுக் கட்டம் ‘ஓரளவு பாதிக்கப்பட்ட’. இந்த இரண்டுக்கும் ஒரு பக்கெட், ஒரு தார்ப்பாய், சோப்பு. முதல் கட்டம் ‘ஹார்ட்-ஹிட்’. அது விழுந்தால் ஊருக்குப் பத்து வீடு, ஷீட் கூரையும் செங்கல் அரைச்சுவருமாகப் பத்தே நாளில் நிறுத்திக் கொடுப்பார்கள்.

ஹார்ட்-ஹிட் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ‘பலத்த அடிபட்ட’ என்று எழுதி, எதிர்வீட்டு வேம்பு அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

“யாரு அடிச்சா?” என்றாள்.

“புயல்தான்.”

“அது எல்லாரையுந்தான் அடிச்சுது. இதுல பலமா, லேசான்னு எவன் பக்கத்துல நின்னு பாத்தான்?”

எதிர்வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். இப்போது அது எதிர்த்தரை. வேம்பு அக்காவின் மண்சுவர் வீடு முழுதாகக் கரைந்து உட்கார்ந்துவிட்டது. அவள் வேலை பார்த்த உப்பளம் கடலுக்கடியில் கிடக்கிறது. மகள் இளவரசிக்கு ஏழாம் மாதம். திருத்துறைப்பூண்டியில் வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வந்த பன்னிரண்டாம் நாள் புயல். தாயும் மகளும் இப்போது நாலு கம்பும் ஒரு தார்ப்பாயுமாக இருக்கிறார்கள்.

சம்பந்தி வீட்டிலிருந்து நேற்று ஆள் வந்து, மார்கழி பிறப்பதற்குள் வீடு நிற்காவிட்டால் நாங்களே கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தங்கமான மனிதர்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். வேம்பு அக்காவுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்க வக்கில்லாதவள் என்று ஆகிவிடும். மார்கழிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

ஆக, அந்த முதல் கட்டத்தில் டிக் விழ வேண்டும். அது விழுவது என் இங்கிலீஷின் கையில். தெய்வமே.

நவம்பர் 25, ஞாயிறு

ஊர் முழுக்க அந்தச் சொல் பரவிவிட்டது. எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. நான் டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் கைப்பம்பிலும் மட்டும்தான் சொன்னேன்.

வாய்க்கு வசதியாக ‘ஆர்டிட்டு’ என்று ஆக்கிவிட்டார்கள். டீக்கடையில் பால் இல்லாத டீக்கு ஆர்டிட்டு டீ. ஒரு கொம்பு ஒடிந்த ஆடு ஆர்டிட்டு ஆடு. பஞ்சாயத்துத் தலைவர் தருமலிங்கத்தின் மீசையை அவரே கத்தரித்துக்கொண்டதில் ஒரு பக்கம் குறைந்துவிட்டது. அதற்கும் அதே பெயர், அவர் காதுபடவே.

மரத்தடியில் டுடோரியலை மறுபடி தொடங்கினேன். ஹார்ட்-ஹிட்டை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். என் சரித்திரத்தில் முதல்முறையாக எல்லாரும் எழுதினார்கள். ஒருத்தி எழுதியது: ‘மை ஃபாதர் ஈஸ் எ ஹார்ட்-ஹிட் மேன், பிகாஸ் ஆஃப் மை மதர்.’ முழு மார்க் போட்டேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன். ஆட்டுக்கும் டீக்கும் அடுத்த வீட்டுக்காரனுக்கும் சொல்கிறார்களே ஒழிய, எவரும் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. யோசித்தால் ஆங்கிலப் பேப்பரிலும் அப்படித்தான். தூரத்தில் இருப்பவர்கள் சூட்டுகிற பட்டம் அது. உள்ளே இருக்கிறவர்கள் “ஏதோ இருக்கோம்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நவம்பர் 26, திங்கள்

மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். வியாழக்கிழமை பற்றி உதயன் ஒரு துண்டுக் காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார். மொழிபெயர்த்துச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

நவம்பர் 28, புதன்

ஊருக்கு என்னவோ வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து வாள் சத்தம். தெருவில் கிடந்த தென்னை அத்தனையையும் அறுத்து, துண்டு போட்டு, கோயிலுக்குப் பின்னால் அடுக்கிவிட்டார்கள். உடைந்த ஓடுகள் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டன. வாசலெல்லாம் சாணி தெளித்தாயிற்று. வேம்பு அக்கா, இடிந்த தன் வீட்டு மண்ணைக் கூடை கூடையாக வாரிக் குட்டையில் கொட்டி, தரையை மெழுகி, நடுவில் கோலம் வேறு போட்டிருக்கிறாள். வீடு இருந்த இடத்தைப் பார்த்தால் வீட்டுமனை விற்பவர்கள் கல் நட்டுவிட்டுப் போன மாதிரி அவ்வளவு துப்புரவு.

யார் சொல்லி இவ்வளவும் நடக்கிறது என்று தெரியவில்லை. நான் ஓடியாடி வேலை சொன்னதில் என் வீட்டை ஒரு கை பார்க்க நேரமில்லாமல் போயிற்று. சிவக்கொழுந்துவிடம் சொன்னேன். “அடுப்படிப் பக்கம் யாரு வரப்போறா” என்றார். எங்கள் அடுப்படிக்கு மேற்குச் சுவர் இல்லை. தார்ப்பாய்தான் கட்டியிருக்கிறது. அதைப் பற்றி அவரிடம் பேசிப் பயனில்லை.

நவம்பர் 29, வியாழன்

மிருணாள் மேடம் பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயது, பருத்திச் சேலை, ஆண்பிள்ளை ஷூ, நல்ல முகம். காரை விட்டு இறங்கியதும் தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். வாசலுக்கு வாசல் கோலம். தலைவர் தருமலிங்கம் இஸ்திரி வேட்டியில். கரண்ட் இல்லாத ஊரில் அந்த வேட்டியை எப்படி இஸ்திரி போட்டார் என்பதுதான் இன்றைய முதல் அதிசயம். (சூடான சொம்பு என்று அவர் மனைவி பிறகு சொன்னாள்.)

மேடம் முதலில் தலைவரிடம்தான் கேட்டார், உங்களுக்கு என்ன சேதம் என்று. கேட்டது எனக்குத் துல்லியமாகப் புரிந்தது, அதைத் தமிழில் தலைவரிடம் சொல்லவும் சொன்னேன். காதில் விழுவதெல்லாம் புரிகிறது, ஆங்கிலத்துக்குத்தான் வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

எங்களுக்கென்ன, பெரிசா ஒண்ணுமில்லை, அடுத்த வீட்டைத்தான் பார்க்கணும் என்று கையைக் காட்டினார் தலைவர். அடுத்த வீட்டுக்குப் போனோம். எங்களுக்குப் பரவாயில்லை, பாவம் அடுத்த வீடுதான் என்றார்கள். அதற்கடுத்த வீட்டிலும் அதே பாட்டு. நேற்று மாலை வரை கூரை போச்சு, ஆடு போச்சு என்று என் உயிரை எடுத்தவர்கள், வாசலில் விருந்தாளி வந்து நின்றதும் வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வீடு தேடி வந்தவரிடம் எடுத்த எடுப்பில் இல்லைப்பாட்டு பாடுவது எந்த ஊர் மரியாதை? எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லை. இப்படியே ஏழு வீடு. மேடத்தின் கையிலிருந்த காகிதத்தில் இன்னும் ஒரு எழுத்து விழவில்லை.

எட்டாவதாக வேம்பு அக்கா.

கடன் வாங்கிய பட்டுச்சேலையில் நின்றாள். பக்கத்தில் தலை நிறையப் பூவோடு இளவரசி. தார்ப்பாயைத் துவைத்துக் காயப்போட்டு மறுபடி கட்டியிருந்தாள், அது ஏதோ விசேஷப் பந்தல்போல மினுங்கியது. மேடம் கனிவாக, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“மாரியாத்தா புண்ணியத்துல நல்லா இருக்கோம்மா. மவளுக்கு ஏழாம் மாசம். சாப்ட்டுட்டுத்தான் போவணும், கோழி அடிச்சிருக்கேன்.”

மேடம் என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. இருபத்திரண்டு வருஷத்து இலக்கணமும் தொண்டையில் வந்து நெரிந்தது. இவர்களுக்கு வீடே இல்லை, அந்தக் கோழிதான் கடைசிக் கோழி, மார்கழி வந்தால் மகளைக் கூட்டிப்போய்விடுவார்கள் என்று எல்லாம் உள்ளே வரிசையாக நிற்கிறது. வாய் திறந்து வெளியே வந்தது, என் வாழ்க்கையின் முதல் ஆங்கில வாக்கியம்:

“ஷீ ஈஸ் ஃபைன், மேடம்.”

பிழையில்லாத வாக்கியம்.

மேடம் தலையாட்டி, டிரைவரிடம் தாழ்ந்த குரலில் இந்த ஊர் ஹார்ட்-ஹிட் இல்லை என்று நினைக்கிறேன் என்றார். நல்ல உச்சரிப்பு, ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. “என்னா சொல்றாவோ டீச்சர்?” என்றாள் வேம்பு அக்கா. ரொம்பச் சந்தோஷம்னு சொல்றாங்க என்றேன். அடுத்த பிறவியில் நான் பல்லியாகப் பிறப்பேன்.

போகிற போக்கில் மேடம் ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் இந்த ஊரில் ரொம்ப மோசமாக இருக்கிற வீடு எது? அதையும் தமிழில் சொல்லிவிட்டேன். வேம்பு அக்கா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், “டீச்சரு வீட்டு அடுப்படியப் பாக்கச் சொல்லுங்க” என்றாள்.

“ஆமா, ஆமா” என்றார் தலைவர். “அதான் பாக்க முடியாது. மனசு தாங்காது.”

இதை நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. ஊரே சேர்ந்து கையைக் காட்டியது.

மேடம் எங்கள் தார்ப்பாயை விலக்கினார். மேற்குச் சுவர் முழுக்கச் சரிந்து குவியலாகக் கிடக்கிறது. செங்கல் மேல் கோவைக்கொடி படர்ந்து, நாலைந்து பழம் சிவந்து, ஒன்றை ஒரு அணில் கொறித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அடுப்பு. அடுப்பின் முன்னால் சிவக்கொழுந்து, லுங்கியோடு, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டு. எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி எழுந்து அப்படியே நின்றார். அந்தப் பாதி எழுந்த நிலை, சொல்லக் கூடாது, ரொம்பப் பரிதாபமாக இருந்தது.

அந்தக் கொடியைத் தொட்டுப் பார்த்தார். அழிவின் மேலேயே உயிர் எவ்வளவு சீக்கிரம் துளிர்க்கிறது என்று சொல்லி, ஆறேழு போட்டோ எடுத்தார். அணிலை எடுத்தார். சிவக்கொழுந்துவை எடுத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவையும் வைத்துக்கொண்டா காலையிலிருந்து மற்றவர்களுக்காக நடந்தாய் என்றார். எனக்கு வாய் வரவில்லை. அது எப்போதும் வருவதில்லை.

அதற்கப்புறம் மேடம் வேறு மனுஷி. இந்த ஊரார் மறைக்கிறார்கள், கொல்லைப்புறத்தைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஷூ சேற்றில் புதைய ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் போய், ஒளித்து வைத்த ஓட்டுக்குவியல், சாய்ந்த பின்சுவர், பிய்ந்த கூரை எல்லாவற்றையும் எழுதினார். வீட்டுக்காரர்கள் கையும் களவுமாகப் பிடிபட்டவர்களைப்போல விழித்தார்கள்.

வேம்பு அக்காவிடம் பார்க்க ஒன்றுமில்லை. முன்புறம் கோலம், பின்புறம் குட்டை.

கோழிக்குழம்பு பிரமாதம்.

நவம்பர் 30, வெள்ளி

திங்கட்கிழமை பற்றி நான் எழுதியது முழுசாக இல்லை. உதயனின் துண்டுக் காகிதத்தில் இருந்தது, எதையும் மாற்றாமல் இருப்பதை உள்ளபடியே காட்டுங்கள் என்று. நான் அதைச் சரியாகத்தான் படித்தேன். கூட்டத்தில் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் வேறு நாற்காலி போட்டுக் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் ஏறிவிட்டது. “பெரிய இடத்துலேருந்து வர்றாங்க, நம்ம ஊரு மானம் போயிடக் கூடாது, ஒரு குப்பை இருக்கக் கூடாது” என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

பக்கத்து ஊர் கீழப்பட்டியில் விழுந்த மரம் விழுந்தபடி, கொடிக்கம்பம் வளைந்தது வளைந்தபடி கிடக்கிறது. கால் மணி நேரத்தில் டிக் போட்டுவிட்டுப் போனார்களாம். அங்கே ஆங்கிலம் தெரிந்தவர் யாருமில்லை. கொடுத்து வைத்தவர்கள்.

டிசம்பர் 3, திங்கள்

தாழைத்திடல் ஹார்ட்-ஹிட்!

உதயன் செய்தியோடு வந்தார். டீக்கடையில் எல்லாருக்கும் பால் போட்ட டீ. பட்டம் கிடைத்த கையோடு எவரும் அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பத்து வீட்டுப் பெயர்ப் பட்டியலைக் கோயில் சுவரில் ஒட்டினார்கள். முதல் பெயர் என்னுடையது. கீழே ஒன்பது. நான் பத்தையும் மூன்று தடவை படித்தேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, மறுபடி மேலிருந்து.

வேம்பு அக்கா பெயர் இல்லை.

உதயனிடம் கேட்டதற்கு, மேடம் எடுத்த போட்டோவைக் காட்டினார். கோலம், பந்தல், பட்டுச்சேலை, சிரிக்கிற கர்ப்பிணி. கீழே குறிப்பு: காலி மனை, குடும்ப விழா நடந்துகொண்டிருந்தது.

வேம்பு அக்கா பட்டியலுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொல்வதற்காக என் முகத்தைப் பார்த்தாள். படிக்க வேண்டியிருக்கவில்லை.

“சரி விடுங்க டீச்சர்” என்றாள். “வூடு இல்லாதவங்களுக்குத்தான குடுப்பாவோ. நாந்தான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேனே. வாய்ல வந்தது வந்ததுதான்.”

அவள் வாயில் வந்தது அல்ல. என் வாயில் வந்தது.

டிசம்பர் 4, செவ்வாய்

சிவக்கொழுந்து அளவு டேப்போடு நடமாடுகிறார். புது வீட்டில் அடுப்படியைக் கிழக்குப் பார்த்து வைக்கலாமாம். இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவர் தானாக ஒரு டேப்பை எடுத்தது இதுவே முதல்முறை.

எதிரே இளவரசி தன் சேலைகளை மடித்துப் பைக்குள் வைக்கிறாள். பிறகு வெளியே எடுக்கிறாள். மறுபடி மடிக்கிறாள்.

உதயனிடம் என் பெயரை எடுத்துவிட்டு வேம்பு அக்கா பெயரைப் போடச் சொன்னேன். அது தன் கையில் இல்லை, மேடம்தான் மாற்ற முடியும் என்று போன் நம்பர் கொடுத்தார். நீங்கதான் இங்கிலீஷ் டீச்சராச்சே, பேசுங்க என்றார். தாடிக்குள் சிரித்த மாதிரி இருந்தது.

டிசம்பர் 5, புதன்

பேச வேண்டியதை நோட்டில் எழுதிவைத்துப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். சிக்னல் தண்ணீர்த்தொட்டி மேல்தான் கிடைக்கும். ஐம்பது வயதில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரும்பு ஏணியில் ஏறினேன். என் மாணவர்கள் கீழே நின்று பார்த்தார்கள். போகச் சொன்னேன், போகவில்லை.

மணி அடித்து, மேடம் ஹலோ என்றதும் நோட்டு கையிலிருந்து நழுவிக் கீழே போய்விட்டது.

“மேடம். தாழைத்திடல் டீச்சர். ரிமூவ் மை நேம். புட் வேம்பு.” மூச்சு வாங்கினேன். “தட் டே ஐ டோல்ட், ஷீ ஈஸ் ஃபைன். ஷீ ஈஸ் நாட் ஃபைன். எம்ப்டி லேண்ட் ஈஸ் ஹர் ஹவுஸ். ஷீ கிளீன்ட் த ஹவுஸ், மேடம். ஃபுல் ஹவுஸ் ஷீ கிளீன்ட். டாட்டர் பேபி கமிங். ஷீ ஈஸ் ஹார்ட்-ஹிட். ஐ ஆம் ஒன்லி ஹிட்.”

என் சுவரைப் பற்றி இன்னும் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், இலக்கணச் சுத்தமாக, இறந்த காலத்தில். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மேடம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தன் முப்பது வருஷ வேலையில், சொந்த வீட்டை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தவரைப் பார்த்ததில்லை என்றார். நான் நோ நோ என்றேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். சிக்னல் போய்விட்டது.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம்.

டிசம்பர் 6, வியாழன்

மாற்றிவிட்டார்கள். பட்டியலில் முதல் பெயர் வேம்பு. கூரை போட மூங்கில் வந்து இறங்கிவிட்டது, செங்கல் நாளை.

சிவக்கொழுந்து டேப்பை அதன் இடத்தில் வைத்துவிட்டார். “போவட்டும்” என்றார். “நமக்கு எதுக்கு ஊரான் வூடு.” அந்த மனுஷனை நான் இந்த டயரியில் கொஞ்சம் அதிகமாகவே ஓட்டிவிட்டேன் என்று தோன்றுகிறது. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும்.

டிசம்பர் 9, ஞாயிறு

எனக்குப் பொன்னாடை.

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஒருதரம் சொன்னேன். உதயன் ஏற்பாடு. மேடம் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார், ஹார்ட்-ஹிட் ஊர் ஒன்றின் ஹார்ட்-ஹிட் ஆசிரியை ஒருவரின் தியாகம் என்று தொடங்கி ஒரு பக்கம். நானே அதைத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. என்னைப் பற்றி நானே மொழிபெயர்ப்பது கூச்சமாக இருந்ததால் சில இடங்களை இன்னும் கொஞ்சம் நன்றாக ஆக்கிவிட்டேன்.

பொன்னாடை போர்த்தும்போது தலைவருக்கு இருமல் வந்தது. நிற்கவே இல்லை. பெண்கள் பலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றார்கள். வேம்பு அக்கா திரும்பி மாரியம்மனைப் பார்த்து நின்றுகொண்டாள். ஊரே உணர்ச்சிவசப்பட்டுவிட்டது என்று உதயன் தன் அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

டிசம்பர் 13, வியாழன்

கூரை ஏறிவிட்டது.

டிசம்பர் 14, வெள்ளி

சம்பந்தி வீட்டார் வேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள், இளவரசியைக் கூட்டிப்போக. வேன் வந்து நின்ற இடத்தில் புதுச்சுவர், நீல ஷீட், மாவிலைத் தோரணம். பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள் வேம்பு அக்கா. சம்பந்தி அம்மாள் வீட்டைச் சுற்றி ஒரு வலம் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு வேனிலிருந்து தன் பையை மட்டும் இறக்கச் சொல்லி, “நானும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போறேன், புது வூட்டுல படுக்கணும்” என்றார். வேம்பு அக்கா முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. எனக்கு அந்த அளவு தமிழும் போதாது.

சாயங்காலம் ஒரு சொம்புப் பாலோடு என் அடுப்படிக்கு வந்தாள். தார்ப்பாயை விலக்கி, செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து, ஒரு கோவைப்பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கவா? அந்தப் பூனாக்கார அம்மா இந்தக் கொடியத் தொட்டுப் பாத்துதே, அப்பயாச்சும் ஒங்களுக்கு வாய் தொறந்து சொல்லணும்னு தோணலியா?”

“தோணிச்சு. இங்கிலீஷ் வரல.”

“நல்லவேள” என்றாள். “வந்திருந்தா எம்பேத்தி திருத்துறைப்பூண்டியிலதான் பொறந்திருப்பா.” பேத்திதான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

உரக்கடை டயரியில் இன்னும் பதினேழு நாள் வெள்ளையாக இருக்கிறது. தகவல் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒன்றை மட்டும் எழுதி மூடி வைக்கிறேன். எங்கள் மேற்குச் சுவர், என் நாத்தனார் கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏற்றி வந்த லாரி ரிவர்ஸ் எடுத்தபோது இடித்துச் சரிந்தது. நாத்தனார் மகன் இப்போது நாலாம் வகுப்புப் படிக்கிறான்.